‘ஆம்’ இல்லாத திரை: மும்பாட்டனும் டிராம்பேக் குழந்தைகளும்

ஓர் அசைவூட்டப் படம் சிறு குழந்தைக்கு ஏற்றதா என்ற கேள்விக்குக் கல்விப்புலத்தில் இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. முதல் தரப்பார் அடிகளை எண்ணுவார்கள்: எத்தனை குத்து, எத்தனை வெடிப்பு, எத்தனை கட்டடங்கள் சரிந்தன. இரண்டாம் தரப்பார் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்: குழந்தைகளுக்கு எல்லாம் புரியும், தணிக்கை மனப்பான்மையை விடுங்கள், கார்ட்டூன்தானே. ஒருவரை ஒருவர் மறுப்பதாக எண்ணும் இவ்விரு தரப்பாரும் ஒரே பிழையின் மீதுதான் நிற்கிறார்கள். இருவரும் படத்தை மட்டுமே பார்க்கிறார்கள். குழந்தையின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் குழந்தைக்கும் இடையில் எந்த மொழி புழங்குகிறது என்று எவரும் கேட்பதில்லை.

2023 ஜூனில் ‘ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ இந்தியாவில் பத்து மொழிகளில் வெளியானது, தமிழும் அவற்றுள் ஒன்று. மும்பையையும் மன்ஹாட்டனையும் பிசைந்து ‘மும்பாட்டன்’ என்றொரு நகரத்தை அப்படம் கட்டியது. பவித்ர் பிரபாகர் என்ற இந்தியச் சிலந்தி மனிதன் போக்குவரத்து நெரிசலுக்கு மேலே தாவிக்கொண்டே ஊரைச் சுற்றிக் காட்டுகிறான். டிராம்பேயிலோ செம்பூரிலோ வளரும் குழந்தைக்கு இதைவிட நெருக்கமான அழைப்பு வேறென்ன இருக்க முடியும்? இப்படத்தின் ஓவியத் திறமையைக் குறை சொல்ல யாராலும் இயலாது. விவாதம் அதைப் பற்றியதும் அன்று.

அடிகளை எண்ணுபவர்கள் மும்பாட்டன் பகுதியில் கட்டடம் நொறுங்குவதைக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் ஐந்து வயதுக் குழந்தையைத் தைக்கக்கூடியது அந்த நொறுங்கல் அன்று. அதற்குப் பின் வரும் விளக்கம். இடிபாடுகளுக்கு நடுவே ஒரு காவல் அதிகாரி சாகவிருக்கிறார். அவர் பவித்ரின் தோழி காயத்ரியின் தந்தை. மைல்ஸ் அவரைக் காப்பாற்றுகிறான். காப்பாற்றியது தவறு என்று பிறகு அவனுக்குச் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு சிலந்தி மனிதனின் கதையிலும் நடந்தே தீரவேண்டிய இழப்புகள் சில உண்டு. அவற்றைத் தடுத்தால் அந்த உலகமே அழியும். அடுத்ததாக இறக்கவேண்டியவர் மைல்ஸின் சொந்தத் தந்தை. அவரைக் காக்க ஓடும் சிறுவனை மற்றச் சிலந்தி மனிதர்கள் எல்லாரும் துரத்துகிறார்கள். 140 நிமிடங்களுக்குப் பிறகு, தந்தை பிழைப்பாரா என்பது தெரியாமலே படம் நின்றுவிடுகிறது. அடுத்த பகுதி 2024 மார்ச்சில் வரும் என்றார்கள். வரவில்லை, பின்னர் 2027 என்றார்கள். 2023இல் ஐந்து வயதாக இருந்த குழந்தைக்கு அப்போது ஒன்பது வயதாகியிருக்கும். பெரியவர்களுக்கு அது ஒரு தொடர்ச்சிக்கான காத்திருப்பு. குழந்தைக்கோ அது வாழ்நாளில் கிட்டத்தட்டப் பாதி.

அமெரிக்கத் தரமிடும் அமைப்பு இதற்கு ஒரு காரணக் குறிப்பை எழுதியது. அசைவூட்டச் சண்டை வன்முறை, சில சொற்கள், ‘கருப்பொருள் சார்ந்த கூறுகள்’. மூன்றாவது தொடரைக் கவனிக்க. தந்தை சாகவேண்டும் என்ற விதியும், அதைத் தடுப்பது குற்றம் என்ற கூற்றும், முடிவின்மையும் ‘கூறுகள்’ என்ற ஒரு பெயர்ச்சொல்லுக்குள் அடங்கிவிட்டன. பெயர்ச்சொல்லாக்கம் அலுவலக மொழிக்குப் பிடித்தமான கருவி; எழுவாயும் இல்லை, வினையும் இல்லை, யார் யாருக்கு என்ன செய்தார் என்ற தொல்லையும் இல்லை. எண்ணத் தெரிந்த வன்முறை முன்னே வருகிறது. எண்ணத் தெரியாத அச்சம் பின்னே ஒளிகிறது.

எண்ணுவது அறவே பயனற்றது என்றும் சொல்வதற்கில்லை. 1997 டிசம்பரில் ஜப்பானில் ‘போகிமான்’ தொடரின் ஒரு பகுதியில் வந்த சிவப்பு-நீல ஒளிச்சிமிட்டலால் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். 2018இல் ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ வெளியானபோதும் வலிப்பு நோயுள்ளோருக்கான எச்சரிக்கை அறிவிப்புகள் திரையரங்குகளில் ஒட்டப்பட்டன. உடலைத் தாக்குவதை அளக்கலாம், அளக்கவும் வேண்டும். கதை தாக்குவதை அப்படி அளக்க முடியாது.

குழந்தைகளுக்கு எல்லாம் புரியும் என்போர் மொழியியல் துறையிலேயே இருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு. சொற்களில்லாத தவளைப் படக்கதை ஒன்றை ஐந்து மொழிகளின் குழந்தைகளிடம் காட்டிக் கதை சொல்லச் செய்த பெர்மன்-ஸ்லோபின் ஆய்வு 1994இல் நூலாக வந்தது. மொழிப்பேறு பற்றிப் படிக்கும் எவரும் அதைத் தாண்டி வந்திருக்க முடியாது. மூன்று நான்கு வயதினர் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே வருணிக்கிறார்கள். ஐந்து வயதினர் ஒரு நிகழ்வை அடுத்ததோடு கோக்கத் தொடங்குகிறார்கள். கதை முழுவதையும் ஒரே நோக்கத்தின் கீழ் அடுக்கிச் சொல்லும் திறன் ஒன்பது வயதை ஒட்டித்தான் உறுதிப்படுகிறது. அசையாப் படங்கள் கொண்ட எளிய கதைக்கே இந்த நிலை. பல உலகங்கள், ஒவ்வொன்றிலும் அதே மனிதனின் வேறு வடிவம், ஓர் உலகத்தில் உயிரோடிருக்கும் தந்தை இன்னோர் உலகத்தில் இறந்திருத்தல் என்று பின்னப்பட்ட படத்திலிருந்து நான்கு வயதுக் குழந்தை எதை எடுத்துக்கொள்ளும்? கோவையை அன்று. துண்டுகளை. அவற்றுள் கெட்டியாக நிற்கக்கூடிய துண்டு, அப்பா சாகப்போகிறார் என்பது.

தமிழ் மொழியின் ஒரு சிறிய உறுப்பு இங்கே முக்கியமாகிறது. ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்’ என்று பாட்டி தொடங்கும்போது அந்த ‘ஆம்’ சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இது சொல்லுபவர் கண்டதன்று, கேட்டது. இங்கே நடப்பதன்று, கதையில் நடப்பது என்று வினைக்கு வினை அது வேலி போடுகிறது. அரக்கன் வந்தானாம், பிள்ளையைத் தூக்கினானாம். குழந்தை அஞ்சுகிறது, ஆனால் வேலிக்கு இப்பால் இருந்து அஞ்சுகிறது. இந்த ஒட்டைக் குழந்தைகள் எவ்வளவு நுட்பமாகக் கையாளுகிறார்கள் என்பதை அறிய அவர்கள் விளையாட்டைப் பார்த்தால் போதும்: ‘நீ டாக்டராம், நான் அம்மாவாம், பாப்பாவுக்குக் காய்ச்சலாம்.’ நிகழ்காலத்திலேயே, கண்ணெதிரிலேயே, உண்மைக்கும் பாவனைக்கும் இடையே கோடு கிழிக்கும் இலக்கணம் அது. பள்ளிக்குப் போகுமுன்பே கையில் இருக்கிறது.

திரைக்கு ‘ஆம்’ கிடையாது. அது காட்டுகிறது, அவ்வளவுதான். பார்க்கும் குழந்தைக்கு அந்த ஒட்டைப் பக்கத்தில் இருப்பவர்தான் சேர்க்கவேண்டும்: ‘அவங்க அப்பாவைக் காப்பாத்தக் கூடாதாம், ஆனா அவன் கேக்க மாட்டானாம், ஓடறானாம்.’ இப்படி ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் இதே படம் ஆறு வயதுக் குழந்தைக்குத் தாங்கக்கூடியதாகலாம். சொல்ல ஆளில்லாவிட்டால் இதைவிடச் சாதுவான படமும் தாங்காது. ஏற்புடைமை என்பது படத்தின் பண்பன்று. படம், குழந்தை, பக்கத்திலிருப்பவர் ஆகிய மூவருக்கிடையிலான உறவு.

டிராம்பேயில் அந்த உறவு எப்படி இருக்கிறது? அவசரநிலைக் காலத்தில், 1976இல், அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டது. அங்கிருந்தவர்கள் சீட்டா கேம்ப்பில் கொண்டுபோய் அமர்த்தப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். இன்று அங்கே வளர்வது அவர்களின் பேரப்பிள்ளைகள். தமிழ் வீட்டுக்குள், இந்தி தெருவில், ஆங்கிலம் பள்ளிக் கனவில். தமிழ்ப் பதிப்பு ஒன்று இருந்தாலும், மும்பைக் குழந்தையின் கைபேசிக்கு முதலில் வந்துசேர்வது இந்திதான். தாய் வேலைக்குப் போயிருக்கும் மதியத்தில் அந்தக் குழந்தை இந்தியில் தனியே பார்க்கிறது. இரவு தமிழில் கேட்க அதனிடம் சொற்கள் இல்லை. சில தெருக்கள் தாண்டி அணுசக்தி நகரின் குடியிருப்புகளில் வசதி வேறு, நிலைமை அவ்வளவு வேறன்று. அங்கே குழந்தை ஆங்கிலத்தில் பார்க்கிறது. ஊரிலிருந்து வந்த பாட்டி பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். ‘ஆம்’ அவரிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. படம் பேசுவது அவருக்குப் புரிவதில்லை. அவர் சொல்வதைக் கேட்கும் அளவுக்குப் பேரனின் தமிழும் இல்லை. ஒரு வீட்டில் ஆளில்லை, இன்னொன்றில் ஆளிருந்தும் மொழியில்லை.

இவ்விரு வீடுகளையும் சட்டம் ஒரே சொல்லால் கடந்துபோகிறது: பெற்றோர். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தில் 1983இல் ‘யூஏ’ சேர்ந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்றது. 2023இன் திருத்தம் அதை ஏழு, பதின்மூன்று, பதினாறு என மூன்று படிகளாகப் பிரித்தது. நல்லதே. ஆனால் இந்த வயதுக் குறிகள் பரிந்துரை மட்டுமே, பெற்றோர் கருதிப் பார்ப்பதற்கானவை. எதைக் கொண்டு கருதிப் பார்ப்பார்கள்? இணையவழித் தளங்கள் உள்ளடக்கத்தின் தன்மையைச் சுருக்கமாகத் தெரிவிக்கவேண்டும் என்று 2021இன் விதிகள் சொல்கின்றன. திரையரங்கு வாசலில் நிற்பவருக்குக் கிடைப்பது ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். வழிகாட்டு என்று ஏவும் சான்றிதழ், எதற்கு வழிகாட்டவேண்டும் என்பதைச் சொல்வதில்லை. நேரமும், முன்கூட்டிப் பார்க்கும் வசதியும், படத்தின் மொழியும் கைவரப்பெற்ற ஒரு பெற்றோரைக் கற்பித்துக்கொண்டு எழுதப்பட்ட வாக்கியம் அது.

இதையெல்லாம் மேற்கத்தியக் கேடு என்று சொல்லி, ‘சோட்டா பீமை’யும் புராண அசைவூட்டங்களையும் மாற்றாக நீட்டுவோர் உண்டு. லட்டு தின்றதும் வலிமை பெற்று எதிரியைத் தூக்கி எறிவது எந்தப் பண்பாட்டின் அகிம்சை என்று அவர்கள் விளக்கினால் நலம். ஆனால் உள்நாட்டு வரலாற்றில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘சக்திமான்’ அசைவூட்டமன்று, நடிகர்கள் நடித்தது. அந்த நாயகனைப் போலச் செய்யப்போய்க் குழந்தைகள் விபத்துக்குள்ளாவதாகச் செய்திகள் வந்தன. தொடரின் முடிவில் நாயகனாக நடித்த முகேஷ் கன்னாவே தோன்றி, அவற்றைச் செய்துபார்க்கக் கூடாது என்று குழந்தைகளிடம் நேராகப் பேசினார். எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பது வேறு விவாதம். கதைக்கு வெளியே வந்து, இது கதை என்று சொல்ல ஒருவர் தேவை என்பதை அந்தத் தொடராவது ஒப்புக்கொண்டது.

இந்த வாதம் பெற்றோர் தலையில், குறிப்பாகத் தாயின் தலையில், இன்னொரு சுமையை ஏற்றுகிறதே என்ற மறுப்பு நியாயமானது. சான்றிதழ்தான் ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருக்கிறது. சுமை என்ன என்று பெயர்கூடச் சொல்லாமல். சொல்லவேண்டியது நீளமானதுமன்று: இப்படத்தில் ஒரு குழந்தையின் தந்தை இறக்கவிருக்கிறார், கதை முடியவில்லை. இரண்டு வரி. படம் பத்து மொழிகளில் வர முடியுமென்றால் இந்த இரண்டு வரியும் பத்து மொழிகளில் வர முடியும். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழ் உட்பட. ஆசிரியர் ஒருவர் பாதியில் படத்தை நிறுத்தி, இதுவரை என்ன நடந்ததாம் என்று கேட்டு, பிள்ளைகள் தமிழில் சொல்வதைக் கேட்ட பிறகு மீதியை ஓடவிடலாம். அதற்கு வேண்டியது ஒரு திரையும் இரண்டு மதியங்களும்தான். அடுத்த பகுதி வெளியாவதற்கு முன்பாகவே அதைத் தொடங்கிவிடலாம்.