பழைய நோட்டுக்கும் பரிசு வேண்டும்!

நம்ம ஊர் சுரங்கத்துல ஓடுற கன்வேயர் பெல்ட், நிறுத்தச் சொன்னால் குறித்த நொடிக்குள் நின்றாக வேண்டும். இப்படி நேரக்கணக்கோடு ஓடும் இயந்திரங்கள் தப்பாம நடக்குமான்னு கணினியே தர்க்கப்படி சோதிக்க ஒரு வழியை, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ராஜீவ் ஆலூரும் டேவிட் டில்லும் 1990இல் கட்டுரையாக எழுதினார்கள். அந்த ஆய்வுக்கு அலோன்சோ சர்ச் விருது கிடைத்தது 2016இல். 26 வருஷம் கழிச்சு! அதுவரை பலர் எடுத்துப் பயன்படுத்தியதுதான் அதற்கு மதிப்பெண்.

இங்கே? அறிவியல் கண்காட்சி முடிஞ்சதும் புராஜெக்ட் நோட்டெல்லாம் எடைக்குப் போயிடுது. எது நிலைக்கும்னு அன்னைக்கே யாருக்குத் தெரியும்? நூலகத்தில் ஓர் அலமாரி கொடுங்க சார். ஜூனியர்கள் எடுத்துப் படிக்கட்டும். அவங்களுக்கு அதிகம் உதவிய பழைய நோட்டுக்கு ஆண்டு விழாவில் ஒரு பரிசு கொடுப்போம். என்ன சொல்றீங்க?