புட்டியில் இல்லாத முத்திரை

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறிய இயலாத இடத்தில்தான் அரசின் காவற்கடமை தொடங்குகிறது. புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் நேரு வீதி வாயிலில் நுழைந்து ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் வெளியேறும் வரையில் உள்ள எந்தக் கடையானாலும், அங்குள்ள எடைக்கல்லும் தராசும் அரசின் முத்திரை பெற்றிருக்க வேண்டும்; மின்னணுத் தராசாயின் ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட வேண்டும். கால் கிலோ வெண்டைக்காயில் பத்துக் கிராம் குறைந்தால் எவர் குடியும் முழுகிவிடாது. ஆயினும், கண்ணால் கண்டறிய முடியாத குறைக்கு வாங்குபவரைத் தனியே விட்டுவிடலாகாது என்பதால் இந்த ஏற்பாடு நிலைத்து நிற்கிறது.

அதே நகரில், அதே அரசின் உரிமம் பெற்ற மதுக்கடையில் விற்கப்படும் புட்டியை எடுத்துப் பார்ப்போம். மது உடல்நலத்திற்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர் என்னும் பொருள்பட ஓர் எச்சரிக்கை 2019 ஏப்ரல் முதல் நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அது வேண்டியதே. ஆனால், அவ்வெச்சரிக்கையில் கருவுற்ற தாய்க்கென ஒரு சொல்லும் இல்லை. வளர்ந்து முடியாத மூளையைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்து கருவைச் சென்றடைகிறது. அதனைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் கருவின் ஈரலுக்கு இன்னும் முழுமையாக வாய்க்காமையால், மது அங்கே நெடுநேரம் தங்குகிறது. அந்நேரத்தில் மூளையின் நரம்பணுக்கள் தத்தமக்குரிய இடம் நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். சில வழி தவறுகின்றன, சில மடிகின்றன, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப்பாலம் மெலிந்துபோகவும் கூடும். பிறந்த பிள்ளையின் மேலுதடு மெலிந்தும் கண்பிளவு சிறுத்தும் இருந்தால் மருத்துவர் ஐயுறக்கூடும். பெரும்பாலோர்க்கு அந்த முக அடையாளமும் இராது. நேற்று ஒப்பித்த வாய்ப்பாட்டை இன்று இழந்து நிற்கும் பிள்ளை, சில்லறை எண்ணத் தடுமாறும் பிள்ளை, ஒருமுறை பட்ட துன்பத்திலிருந்து பாடம் பெற இயலாத பிள்ளை வகுப்பில் ‘மக்கு’ என்னும் பெயரோடு பின்வரிசையில் அமர்த்தப்படுகிறது. இச்சிதைவை ஆற்றும் மருந்து இல்லை. காலத்தே கண்டறிந்து, அப்பிள்ளைக்கேற்ற முறையில் கற்பித்தால் வாழ்வைச் செம்மைப்படுத்த முடியும். தீங்கற்ற அளவு என்று எதனையும் மருத்துவ உலகம் இதுவரை வரையறுக்கவில்லை.

இவ்வுண்மையை முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்களுள் ஒருவர், ஒருகாலத்தில் நம்மை ஆண்ட பிரான்சு நாட்டவர். நாந்த் நகரக் குழந்தை மருத்துவர் போல் லெமுவான், மதுவுக்கு அடிமையான பெற்றோரின் 127 பிள்ளைகளை ஆராய்ந்து 1968-இல் எழுதினார். அன்று அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. ஐந்தாண்டுகள் கழித்து அமெரிக்காவின் சியாட்டில் மருத்துவர்கள் இந்நோய்க்குப் பெயர் சூட்டிய பிறகே உலகம் செவிசாய்த்தது. திராட்சை மதுவைத் தன் பண்பாட்டின் பெருமையாகப் போற்றும் பிரான்சு, கருவுற்ற பெண்ணின் உருவத்தைத் தடைக்குறியோடேனும், அதே பொருளுள்ள எச்சரிக்கை வாசகத்தையேனும் மதுப்புட்டி ஒவ்வொன்றிலும் பொறிக்க வேண்டுமென 2006-இல் ஆணையிட்டது. எழுத்தறியாதவரும் ஒரே பார்வையில் உணரும் குறி அவ்வுருவம். மற்றொன்றும் நம் நினைவுக்குரியது. 1954 அக்டோபரில் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்க உடன்பாடு கண்ட பிரெஞ்சுப் பிரதமர் மாந்தேஸ் பிரான்சின் அரசுதான், அதே காலத்தில் மதுவின் பிடியைத் தளர்த்தத் தன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் வழங்கவும் முடிவெடுத்தது. வீதிப் பெயர்களையும் சிவப்புத் தொப்பிக் காவலரையும் அவர்களிடமிருந்து பேணி வைத்திருக்கும் நாம், இந்த முன்மாதிரியையும் ஏற்றிருக்கலாம்.

கருவோடு முடிவதன்று இக்கேடு. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸும், தீர்மானிக்கும் முன்மூளையும் இளமை முழுவதும் உருப்பெற்றுக்கொண்டே இருக்கின்றன. முன்மூளை முதிர இருபத்தைந்து வயதளவும் ஆகிறது. இரவு மிகுதியாகக் குடித்த இளைஞன் காலையில் எதுவும் நினைவில்லை என்கிறான். அவன் மறந்துவிடவில்லை, மது அந்நேரத்து நிகழ்வுகளைப் பதியவே விடவில்லை. இதனை அறிந்த பின்னும் புதுச்சேரியில் மது வாங்கும் வயது 18. எல்லை தாண்டிய தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23. தமிழ்நாடு சூழ்ந்த காரைக்காலும் கேரளம் சூழ்ந்த மாகியும், அண்டை மாநிலம் தன் பிள்ளைக்கு மறுத்ததை விற்கும் இடங்களாக நிற்கின்றன. கருவூலம் கலால் வருவாயைப் பெரிதும் நம்பியிருப்பதை யாம் அறியாதவரல்லர். அவ்வருவாயின் ஒரு பகுதி பத்தொன்பது வயது மாணவனிடமிருந்து வருகிறது என்பதை ஆட்சியாளரும் அறியாதவரல்லர்.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதனைத் தாய்மார் மீதான குற்றச்சாட்டாக எவரும் திரிக்கலாகாது. கருவுற்றதை அறியுமுன்பே குடித்தவர் உண்டு. உடல்நோவு தணிய அருந்தும் கூலிப்பெண் உண்டு. சொல்வார் இல்லாமையால் அறியாதவர் பலர். ‘நம் வீட்டுப் பெண்கள் குடிப்பதில்லை’ என்னும் நம் மௌனமே, பேறுகாலப் பரிசோதனையில் ‘குடிப்பதுண்டா’ என்று செவிலியர் கேட்கவும் அப்பெண் விடை சொல்லவும் இடமில்லாமற் செய்திருக்கிறது. சளி பிடித்த கைக்குழந்தைக்குப் பாட்டி துளி பிராந்தி புகட்டும் வழக்கமும் அன்பினாலேயே நிகழ்கிறது. ஆகவே அவளிடமும் கனிவோடுதான் பேச வேண்டும்.

வயது வரம்பை 21-க்கு உயர்த்தும் திருத்தத்தை அரசு அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும். புட்டியில் குறி பொறிக்க நடுவண் அரசை வலியுறுத்தலாம். அதற்குக் காலம் பிடிக்கும். கடைகளில் அக்குறி தாங்கிய பலகை வைப்பதை உரிம நிபந்தனையாக்கக் கலால் துறைக்கு ஒரு கையொப்பம் போதும். தராசுக்கு முத்திரையிடும் அரசாங்கம் அந்தப் பலகையைத் தொங்கவிடும் நாளை எமக்குச் சொல்லட்டும்.