டெண்டர் விட்டாச்சு, தெரியுமா சார்?

அரக்கோணத்திலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் சென்னைக்கு ஓடுகிறவரா நீங்கள்? ஸ்டேஷனுக்கு வரும் வழியில் எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை, மூடாத பள்ளம் எதையாவது பார்த்தால் கட்டாயம் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், தப்பில்லை. ஆனால், அதற்கெல்லாம் பின்னால் பெரும்பாலும் ஒரு டெண்டர் இருக்கும். அதை என்றைக்காவது படித்ததுண்டா?

சட்டம் என்னவோ ஜோராகத்தான் இருக்கிறது. 1998-ல் தமிழ்நாட்டில் நிறைவேறிய டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் நகராட்சிக்கும் பொருந்தும். 2 கோடி ரூபாய் வரையிலான வேலை என்றால் குறைந்தது 15 நாள் அவகாசம். அதற்கு மேல் 30 நாள். அதைக் குறைப்பதென்றால் மேலதிகாரி காரணம் எழுதி வைக்க வேண்டும். தகுதியுள்ளவர்களில் யார் விலை குறைவோ அவருக்கே வேலை. பேரம் பேசுவதும் அவரோடு மட்டும்தான்.

அப்புறம் எங்கே இடிக்கிறது? முதலில் நிபந்தனையில். ‘மணமகன் தேவை. உயரம் ஐந்தே முக்கால் அடி, இடது கன்னத்தில் மச்சம், பெயர் ரமேஷ்’ என்று விளம்பரம் வந்தால் என்ன அர்த்தம்? மாப்பிள்ளை ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டார்! ஒரே ஒரு கம்பெனியிடம் மட்டும் இருக்கிற பல்பைக் கேட்பதும் அந்த ரகம்தான்.

அடுத்தது சிண்டிகேட். மூன்று பேர், மூன்று லெட்டர்பேட், ஒரே எழுத்துப்பிழை! ‘இந்தத் தடவை நீ எடு மச்சான், அடுத்தது எனக்கு.’ இதில் ‘குறைந்த விலை’ என்று ஜெயிப்பதே கூடுதல் விலைதான். வித்தியாசம் யார் காசு? வீட்டு வரி ரசீதைப் பாருங்கள், தெரியும்.

மச்சான் என்றதும் ஞாபகம் வருகிறது. உத்திரமேரூரில் 1100 வருஷத்துக்கு முந்தைய பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதே, அதன்படி ஊர்க் கணக்கைக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் போட முடியாது. அவருடைய மாமன், மச்சான் பெயரையும் கூடாது. சொந்தபந்தத்தின் மகிமை அப்போதே தெரிந்திருக்கிறது!

நமக்கு அவ்வளவு எல்லாம் வேண்டாம். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் போதும். ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். டெண்டர் நிபந்தனை என்ன, யார் யார் என்ன விலை போட்டார்கள், அவகாசத்தைக் குறைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். நடக்கிற வேலையைப் போய்ப் பார்க்கவும், பொருளின் சாம்பிளை முறைப்படி வாங்கவும்கூட அதில் உரிமை உண்டு.

ரயிலில் சீட்டு ஆடும் நாலு பேர் ஆளுக்கொரு மனு போட்டால் போதும். அங்கே ஆடுகிறவர்கள் அடுத்த சீட்டைக் கொஞ்சம் யோசித்துத்தான் இறக்குவார்கள்!