ஓட்டிப் பார்ப்பது அவநம்பிக்கை அல்ல



இந்த வாரச் சிந்தனையைப் பழைய கார் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சிலருக்கு இது வியப்பாயிருக்கலாம். ஆனால் நம் சபைக் குடும்பங்களுக்குள் நேர்ந்த மனக்கசப்புகளை எண்ணிப் பார்த்தால், உபதேசத்தைப் பற்றி எழுந்தவை குறைவு. கொடுக்கல் வாங்கலில் எழுந்தவையே மிகுதி. அவற்றுள் ஒன்றில் என் தவறும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் சகோதரர் ஒருவர், முதிர்ந்த தாயாரை மாதந்தோறும் திருச்சிக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்காகப் பழைய கார் ஒன்று வாங்க விரும்பினார். சபையைச் சேர்ந்த இன்னொருவர் தம் காரை விற்கும் எண்ணத்தில் இருந்தார். வாங்க விரும்பியவர் என்னிடம் வந்து, "ஐயா, அந்த அண்ணனிடம் நம்பி வாங்கலாமா?" என்று கேட்டார். "தாராளமாக வாங்குங்கள், அவர் மிகவும் நல்லவர்" என்றேன். நான் கொடுத்தது மனிதருக்கான சான்று. அவரோ அதை வண்டிக்கான சான்றாக எடுத்துக்கொண்டார். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் அண்ணன் மனம் நோவாரோ என்று கூசி, வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தார். மூன்றாம் வாரத்தில் கிளட்ச் போயிற்று. அடுத்த மாதம் நடுவழியில் என்ஜின் கொதித்து நின்றது.

விற்றவர் எதையும் மறைக்கவில்லை. வீட்டிற்கும் கடைவீதிக்கும் மட்டுமே மெதுவாக ஓட்டிய அவருக்குத் தம் வண்டியின் நோய் தெரியவே இல்லை. ஏமாற்றியவர் எவருமில்லை, ஆயினும் இரண்டு குடும்பங்களும் பல மாதங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஆராதனைக்கு வந்து போயின. அன்று நான் "அவர் நல்லவர், வண்டியை மெக்கானிக்கோடு போய் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்" என்று சொல்லியிருந்தால் போதுமாயிருந்தது.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். தெரிந்தவரிடம் வாங்கும்போதுதான் அதிகக் கவனமாகச் சோதிக்க வேண்டும். அந்நியரிடம் ஏமாந்தால் போவது பணம். சகோதரனிடம் வாங்கியது கெட்டுப்போனால் பணத்தோடு உறவும் போகும்.

நம் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளின் ஊர். நெல் மூட்டை வந்து இறங்கியதும் வாங்குபவர் குத்தூசியை மூட்டையில் செருகி, உள்ளிருக்கும் நெல்லை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறார், ஈரப்பதம் பார்க்கிறார், பிறகு எடைமேடைக்கு அனுப்புகிறார். இருபது ஆண்டுப் பழக்கமுள்ள விவசாயியின் மூட்டைக்கும் இதே முறைதான். எந்த விவசாயியும் அதை அவமதிப்பாக எண்ணுவதில்லை. எடை போட்டபின் இருவரும் சேர்ந்து தேநீர் அருந்துகிறார்கள். மூட்டைக்குள் குத்தூசி செல்வதை இயல்பாக ஏற்கும் நாம், காருக்குள் ஒரு மெக்கானிக் ஏறுவதை மட்டும் ஏன் சந்தேகம் என்று எண்ணுகிறோம்?

ஆபிரகாம் மக்பேலா குகையை வாங்கிய வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். இலவசமாகவே தருகிறேன் என்று எப்ரோன் சொன்னபோதும், ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். நகர வாசலில் கூடியிருந்தவர்கள் சாட்சிகளாயிருக்க, நிலம், குகை, அதிலிருந்த மரங்கள் எல்லாம் குறிக்கப்பட்டு உறுதியாயின. துக்க நாளிலும் அவர் கணக்கைத் தெளிவாக வைத்தார். அதனால் அன்பு குறைந்ததாக அந்த அதிகாரத்தில் எங்கும் காணோம்.

சரி, எதைச் சோதிப்பது? அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

பகல் வெளிச்சத்தில் செல்லுங்கள். நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதிருக்கும்படி முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டின்மேல் கை வையுங்கள். அது சூடாயிருந்தால், காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாத குறை உங்களுக்குத் தெரியாமல் போகக்கூடும். பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். பால்போல் வெண்மையாகப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மெக்கானிக் பார்த்தாக வேண்டும். சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் தெறிக்கும்.

சாவியைத் திருப்பியதும் முன்பலகையில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியபின் அணைய வேண்டும். அணையாத விளக்கைப் போலவே, எரியவே எரியாத விளக்கும் சந்தேகத்திற்குரியது. கோளாற்றை மறைக்க அதன் இணைப்பை யாரேனும் துண்டித்திருக்கலாம். அடுத்துச் சைலன்சரிலிருந்து வரும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஆயிலை எரிக்கிறது. குளிர்காலக் காலையில் சற்று நேரம் வரும் ஆவி இயல்பு. சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று பொருள். கரும்புகை, எரிபொருள் சரியாக எரியவில்லை என்பதைக் காட்டும்.

இனி ஓட்டிப் பாருங்கள். உரிமம் உங்கள் கையிலும், நடப்பில் உள்ள காப்பீடு வண்டிக்கும் இருக்கட்டும். "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது காருக்குப் பொருந்தாது; தெருமுனை வரை சென்று திரும்புவது சோதனை ஆகாது. அரைமணி நேரமாவது வேண்டும். முதலில் நம் கடைவீதி நெரிசலில் நின்று நின்று நகருங்கள். கிளட்ச் மிதி கடினமாயிருக்கிறதா, கியர் தயங்காமல் விழுகிறதா என்பது அங்கே தெரியும். பிறகு துறையூர்ச் சாலையில் திருவெள்ளறைப் பக்கம் செல்லுங்கள். மூன்றாவது அல்லது நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது என்ஜின் இரைச்சல் மட்டும் உயர்ந்து வேகம் உயராவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. நம் சகோதரர் இதை மட்டும் பார்த்திருந்தாலும் தப்பியிருப்பார்.

பின்னால் வண்டி வராத நேரான இடத்தில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து உறுதியாகப் பிரேக் அழுத்துங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, மிதி அதிர்ந்தாலோ, மிதி அடிவரை இறங்கினாலோ குறிப்பெடுங்கள். வேகத்தடையின்மேல் மெதுவாக ஏறி இறங்கும்போது ரேடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள். 'டக், டக்' என்ற ஓசை சஸ்பென்ஷனின் தேய்மானத்தைச் சொல்லும். வெற்றிடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, இரு பக்கமும் மெதுவாக வட்டமிடுங்கள். சக்கரத்தருகே 'கட கட' என்று கேட்டால் ஆக்சில் மூட்டில் பழுது உண்டு. இறுதியாகச் சமயபுரத்தருகே நான்குவழிச் சாலையில் சிறிது தூரம் சென்று, ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று பாருங்கள்.

திரும்பி வந்ததும் என்ஜினை நிறுத்தாமல், ஏசியை ஓடவிட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். வெப்பமானியின் முள் ஏறுகிறதா என்று பாருங்கள். நடுவழியில் கொதித்த அந்தக் காரின் நோய் இந்தப் பத்து நிமிடத்தில் வெளிப்பட்டிருக்கக்கூடும். பின்பு நிறுத்திவிட்டு அடியில் பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தெளிந்த நீர் குற்றமற்றது. ஆயிலோ நிறமுள்ள நீரோ சொட்டினால் விடக்கூடாது. சூடான நிலையில் மறுபடியும் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

ஓடிய கிலோமீட்டர் கணக்கை எண்ணைக் கொண்டு மட்டும் நம்பாதீர்கள். 30,000 கிலோமீட்டர் என்று காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. விபத்தில் அடிபட்ட வண்டியாகவும் இருக்கலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னையிலும், அதே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கி நின்றதைக் கண்டோம். அப்படிப்பட்ட வண்டி கழுவித் துடைக்கப்பட்டு வெகுதூரத்து ஊரில் விலைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும். கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். இருக்கைக்கு அடியிலுள்ள இரும்பில் துரு ஏறியிருக்கிறதா, உள்ளே பூஞ்சை வாடை வீசுகிறதா என்று கவனியுங்கள்.

வண்டியைப்போலவே ஏடுகளையும் சோதியுங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். கடன் நிலுவை இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் 35ஆம் எண் படிவமும் தேவை. பெயர் மாற்றத்திற்கு 29, 30ஆம் எண் படிவங்கள். மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். "நம்ம தம்பிதானே, மெதுவாக மாற்றிக்கொள்ளட்டும்" என்று விற்றவர் இருந்துவிடக் கூடாது. கை மாறிக் கை மாறிச் சென்ற ஒரு கார் விபத்தில் ஓர் உயிரைப் பறித்த வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டிற்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் வண்டியை விற்று ஆண்டுகள் ஆகியிருந்தும் அது அவரைக் காக்கவில்லை.

இதுவரை வாங்குபவருக்குச் சொன்னேன். விற்பவருக்கும் ஒரு சொல் உண்டு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, பொருளின் தரத்தைப் பார்த்து வாங்கும் பொறுப்பை வாங்குபவர்மேல் வைக்கிறது. அதனால் கேட்காததைச் சொல்லத் தேவையில்லை என்று உலகத்தார் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கலாகாது. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்தே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2001இல் அவர் நோபல் பரிசு பெற்றதற்கு அதுவும் காரணம். அவர் சொன்னது எளிது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் அஞ்சிக் குறைந்த விலையே சொல்கிறார். அந்த விலைக்குத் தர மனமில்லாமல் நல்ல வண்டி வைத்திருப்பவர் ஒதுங்குகிறார். முடிவில் சந்தையில் மிஞ்சுவது பெரும்பாலும் பழுதானவையே. அதாவது, ஒருவர் மறைக்கும் குறைக்கு அவரிடம் வாங்கியவர் மட்டுமல்ல, ஊரிலுள்ள நேர்மையான விற்பனையாளர்களும் விலை கொடுக்கிறார்கள்.

ஆகவே, விற்கிறவர்களே, வாங்குபவர் கூசி நிற்குமுன் நீங்களே சாவியை நீட்டுங்கள். "தம்பி, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வாருங்கள், அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள், எனக்குத் தெரிந்த குறைகள் இவை" என்று சொல்லுங்கள். அவற்றை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர்களே, குறை கண்டால் அதை நேராகச் சொல்லி விலை பேசுங்கள். இல்லாத குறையைச் சொல்லி விலையைக் குறைத்துவிட்டு வீட்டில் போய்ப் பெருமை பேசுவதும் பொய்தான். நீதிமொழிகளின் ஆசிரியர் அப்படிப்பட்டவரையும் கண்டிருக்கிறார்.

நான் முதலில் சொன்ன இரு குடும்பங்களையும் ஒரு மாலையில் என் வீட்டிற்கு அழைத்தேன். என் தவற்றை இருவருக்கும் முன்பாக ஒப்புக்கொண்டேன். விற்றவர் கிளட்ச் செலவில் பாதியை ஏற்றார். என்ஜின் செலவை வாங்கியவர் தாமே ஏற்றார். இப்போது இரு குடும்பத்தாரும் பேசிக்கொள்கிறார்கள். ஆயினும் அந்த மாதங்களை என்னால் திருப்பித் தர இயலாது. இனி எவரேனும் என்னிடம் வந்து வண்டியைப் பற்றிக் கேட்டால், விற்பவரின் குணத்தைச் சொல்லிவிட்டு, நம்பகமான மெக்கானிக்கின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுப்பேன்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.