நீலப்பூத் தட்டு

காலை ஆறு மணி நிகழ்ச்சிக்கு நாலரைக்கே எழுந்துவிடுவேன். விளக்கைப் போட்டால் அம்மா விழித்துக்கொள்வாரே என்று இருட்டிலேயே மைலோ டின்னைத் துழாவினேன். கைபட்டு விழுந்தது டின் இல்லை. தீபாவளி முடிந்து, கழுவித் துடைத்து, அலமாரிக்குள் போகக் காத்திருந்த நீலப்பூத் தட்டுகள். ஐந்தில் மூன்று போச்சு.

அவை பாட்டியின் தட்டுகள். பால்மரம் வெட்டிய காலத்தில் சம்பளத்துக்குச் சம்பளம் ஒன்றாகப் பட்டணத்துக் கடையில் வாங்கிச் சேர்த்தவை. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தபோது லாரியில் ஏற்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தார். “பரவால்லமா, விடு. உடைஞ்சத வீட்டுல வைக்கக்கூடாது, குப்பையில போட்டுரு” என்றார். குரலை வைத்துப் பிழைப்பவள் நான். அந்தப் ‘பரவால்ல’ சரியாக ஒலிக்கவில்லை.

குப்பையில் போடவில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு, குளியலறை வேலையில் மிஞ்சிய வெள்ளை டைல்களோடு வீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

உடைந்த துண்டுக்கு நம் ஊரில் மதிப்பு இல்லாமல் இல்லை. ஜொகூர் பாருவில் ஸ்ரீ இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் சுமார் 300,000 கண்ணாடித் துண்டுகளால் மின்னுகிறது. பினாங்கு கூ கொங்சியின் கூரையை அண்ணாந்து பாருங்கள். அங்குள்ள பூக்களும் டிராகன்களும் வண்ணப் பீங்கானைக் குறடால் நறுக்கி ஒட்டியவை. அவ்வளவு பெரிய ஆசை எனக்கில்லை. ஒரு மண் பூந்தொட்டி போதும்.

முதல் தொட்டி தோல்வி. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் வெள்ளைப் பசையால் ஒட்டினேன். நவம்பர் மழை, ஒரே வாரத்தில் டைல் துண்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. நல்லவேளை, பாட்டியின் தட்டில் கை வைக்கவில்லை. ஹார்ட்வேர் கடை அங்கிள் சிரித்துவிட்டு, வெளியில் வைக்கும் பொருளுக்கு டைல் ஒட்டும் சிமெண்டுதான் என்றார். டைல் வெட்டும் குறடு ஒன்றையும் தலையில் கட்டினார். 25 வெள்ளி.

தட்டைப் பழைய துண்டில் சுற்றித்தான் சுத்தியலால் தட்ட வேண்டும். கண்ணாடி கட்டாயம், சில்லு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. குறடால் கட்டைவிரல் நக அளவுக்கு நறுக்கினால்தான் தொட்டியின் வளைவில் உட்காரும். தட்டு மெலிசு, டைல் தடிப்பு. அதனால் தட்டுத் துண்டுக்கு அடியில் சிமெண்டைக் கொஞ்சம் கூட்டிப் பூச வேண்டும். மண் தொட்டி தண்ணீரை உறிஞ்சும். முதலில் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளுக்கு நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஒருநாள் மழைபடாமல் காயவிட்டு, பிறகு இடுக்குகளில் கிரவுட் பூசுங்கள். சற்று இறுகியதும் நன்றாகப் பிழிந்த பஞ்சால் துடைக்க வேண்டும். பஞ்சில் தண்ணீர் அதிகமிருந்தால் பூசியதும் சேர்ந்து வந்துவிடும். கையுறை போடாமல் செய்து, இரண்டு நாள் விரல் எரிந்தது எனக்கு.

நடைபாதைக் கல்லில் இதை ஒட்டாதீர்கள், மழையில் வழுக்கும். பறவைக்குத் தண்ணீர்த் தொட்டி செய்யலாமே என்று தோழி சொன்னாள். ஏடிஸ் கொசு வளர்க்க எனக்கு ஆசையில்லை.

இரண்டாவது தொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார். டின்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பூவத் தலைகீழா வச்சிருக்க. குடு இங்க.”

அன்று மாலை விளக்கு வைக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. தட்டு விளிம்பின் பொன்கோடு போட்ட துண்டுகளை மட்டும் தனியாகப் பொறுக்கி, தொட்டியின் வாயைச் சுற்றி ஒட்டினார். பாட்டி எந்தத் தட்டை எந்தத் தீபாவளிக்கு வாங்கினார் என்று அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது அதில் துளசி நிற்கிறது. மிச்சமிருக்கும் இரண்டு தட்டும் அலமாரியில் பத்திரம். நானும் இப்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் மைலோவைத் தேடுகிறேன்.