தடைநீக்கு மருத்துவம்: சொல்லும் பொருளும்

கோரிப்பாளையத்து மருந்துக் கடைகளில் ‘நோய் எதிர்ப்புச் சக்தி தரும்’ என்று அச்சிட்ட சத்துமாவுப் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் அரசு இராசாசி மருத்துவமனைக்குப் புற்றுநோயாளியை அழைத்து வரும் உறவினர் அச்சொல்லை நன்கறிவர். மருத்துவர் ‘இம்யூனோதெரபி’ என்கிறார். தமிழில் அது ‘நோயெதிர்ப்புச் சிகிச்சை’ ஆகிறது. கேட்பவர் மாவையும் மருந்தையும் ஓரினம் எனக் கொண்டால் அவரை நோவதில் பயனில்லை. சொல்லே அவ்வாறு அமைந்துள்ளது.

அம்மருந்து செய்வதுதான் யாது? நம் உடலைக் காக்கும் டி உயிரணுக்களின் மேற்புறத்தில் பி.டி.1 என்னும் புரதம் உண்டு. சப்பானிய அறிஞர் தசுகு ஓஞ்சோவின் குழுவினர் 1992இல் இதனை அறிவித்தனர். காவலர் வரம்பு மீறாதபடி நிறுத்தும் தடை இது. புற்று உயிரணுவோ, இத்தடையை இயக்கவல்ல மற்றொரு புரதத்தைத் தன்மேல் தாங்கி வந்து, காவலரை நிறுத்திவிட்டுத் தப்பிவிடுகிறது. அவ்விரு புரதங்களும் தொடாமல் இடையே புகுந்து மறிப்பதே மருந்தின் வேலை. இவ்வகைத் தடைகளை ஆராய்ந்த ஓஞ்சோவும் அமெரிக்கரான சேம்சு அல்லிசனும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆகவே இது சக்தியை ஊட்டுவதன்று, தடையை நீக்குவது. தடை நீங்கிய காவலர் சிலவேளை குடலையும் நுரையீரலையுமே தாக்குவர். நோயாளர் அனைவர்க்கும் இது பயன்படுவதுமில்லை. ‘எதிர்ப்புச் சக்தி’ என்னும் இனிய சொல் இவ்விரண்டு உண்மைகளையும் மறைத்துவிடுகிறது. ‘தடைநீக்கு மருத்துவம்’ என்போமே! (உயிரணுவையே வெளியே எடுத்து மாற்றியமைக்கும் முறை வேறு, அதற்குத் தனிச்சொல் வேண்டும்.)

தொடுகையை மறிக்கப் புரதத்தின் வடிவம் தெரிதல் வேண்டும். அவ்வடிவத்தைக் கணக்கின் துணையால் ஆராய வழிகாட்டியவருள் ஒருவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1952இல் அங்கு இயற்பியல் துறைத் தலைமையேற்ற கோ.நா. இராமச்சந்திரன், சசிசேகரன், இராமகிருட்டிணன் ஆகியோருடன் 1963இல் ஒரு படத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலியின் பிணைப்புகள் எக்கோணங்களில் திரும்பலாம், எக்கோணங்களில் திரும்பின் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும் என்பதை அப்படம் காட்டிற்று. இலக்கண மாணவர்க்கு இது புதிதன்று. டகர மெய்யை அடுத்து வேற்றெழுத்தாகக் க, ச, ப மட்டுமே வரும் என மெய்ம்மயக்கம் வரையறுப்பதில்லையா? அதுபோன்றதோர் இயைபு விதியே இதுவும். 2024இல் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி, கணிப்பொறியால் புரத வடிவை முன்னறிந்தோர்க்குக் கிடைத்தது. எனினும் புதிதாய்க் கண்ட வடிவம் சரியா என்று பார்க்க இன்றும் இராமச்சந்திரன் படத்தையே நாடுகின்றனர். அவர்க்கு நோபல் கிட்டவில்லையே என வருந்திப் பேசும் நாம், அவர் வரைந்த படத்தைத் தமிழில் விளக்க முனைந்தோமில்லை.

அறிவியல் தமிழ்த் தாளுக்குக் கலைச்சொற் பட்டியலை மனனம் செய்விப்பதை இனி நிறுத்தலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியல் கற்றவர் ஒருவர், புற்றுநோய் மருத்துவர் ஒருவர், நம் மாணவியர் இருவர் கூடி அமர்ந்தால், நோயாளியின் உறவினர் கையில் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை ஆயத்தமாகிவிடும். அதன் முதல் வரி, ‘இது சத்து மருந்தன்று’ என்றிருக்கட்டும். அடுத்த வரி, ‘வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ கண்டால் உடனே மருத்துவரிடம் கூறுக’ என்பது.