அம்மா சாப்பிட்டாளா?



வெள்ளமோ புயலோ வந்துவிட்டால் நம் ஊரில் உடனே ஒரு வாட்ஸ்அப் பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். பிரெட், பிஸ்கட், பாய், போர்வை, மெழுகுவத்தி, நாப்கின். கூடவே தவறாமல் ஒரு வரி: குழந்தைகளுக்குப் பால் பவுடர். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் பார்த்தோம், 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் பார்த்தோம். எங்கோ ஒரு கைக்குழந்தை பசியில் அழுகிறது என்று நினைத்தாலே நமக்கு மனசு கேட்பதில்லை. கடைக்கு ஓடி இரண்டு டின் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

அந்த மனசில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த டின்னைப் பற்றித்தான் இந்த மாதம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

2006 மே 27 அதிகாலையில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பகுதியில் பெரிய நிலநடுக்கம். 5,700-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். பல நாடுகளிலிருந்தும் உதவி குவிந்தது. அதில் குழந்தைப் பால் பவுடரும் ஏராளமாக வந்து இறங்கியது. எந்த வீட்டுக் குழந்தைக்கு அது தேவை, எந்த வீட்டுக்குத் தேவையில்லை என்று பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைகளின் வீடுகளுக்கும் டின் போய்ச் சேர்ந்தது.

பிறகு ஆய்வாளர்கள் போய், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் வீடுகளில் விசாரித்தார்கள். இலவச பவுடர் கிடைக்காத குழந்தைகளில் 11.5 சதவீதம் பேருக்கு விசாரிப்பதற்கு முந்தைய வாரத்தில் வயிற்றுப்போக்கு. கிடைத்த குழந்தைகளில்? 25.4 சதவீதம்.

பவுடர் கெட்டுப்போனது என்று நினைக்காதீர்கள். இடிந்த வீட்டு வாசலில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அதைக் கொதிக்கவைக்க அடுப்பு ஏது, விறகு ஏது? பாட்டிலையும் நிப்பிளையும் ஒவ்வொரு தடவையும் சுடுதண்ணீரில் போட்டு எடுப்பது, காஸ் அடுப்பு இருக்கும் நம் வீட்டிலேயே எத்தனை பேருக்கு முடிகிறது?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மூன்று மாதக் குழந்தைக்குப் பவுடரை மட்டும் நம்பிக் கொடுத்தால், 400 கிராம் டின் நான்கு நாளைக்கு வந்தாலே அதிகம். அடுத்த டின் வருமோ வராதோ என்ற பயத்தில் அம்மா ஒரு ஸ்பூனைக் குறைத்துப் போடுவாள், தண்ணீரைக் கூட்டுவாள். இதற்குள் குழந்தை மார்பில் சப்புவது குறைந்திருக்கும். இறைக்கிற கிணறுதானே ஊறும்? டின்னும் தீர்ந்து, தாய்ப்பாலும் குறைந்து நிற்கும் குழந்தைக்கு யார் பொறுப்பு?

சரி, ஏற்கெனவே மெலிந்து எலும்பும் தோலுமாகிவிட்ட பச்சிளம் குழந்தைக்கு என்ன செய்வது? போரிலும் பஞ்சத்திலும் வேலை செய்யும் மருத்துவர்களையே நெடுநாள் திணறவைத்த கேள்வி இது.

கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு வழி கிடைத்துவிட்டது. 1990-களில் பிரான்ஸைச் சேர்ந்த ஆந்த்ரே பிரியாண்ட் என்ற மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்ற உணவுத் தொழில் நிபுணரும் சேர்ந்து வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துகள் கலந்து ஒரு பசையை உருவாக்கினார்கள். பெயர் பிளம்பிநட். ஒரு பாக்கெட்டில் 500 கலோரி. தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம். குழந்தையே பிய்த்துச் சப்பிச் சாப்பிடலாம். வேறு சிக்கல் இல்லாத குழந்தையை ஆஸ்பத்திரியில் படுக்கவைக்காமல் வீட்டில் வைத்தே தேற்றிவிடலாம்.

ஆனால் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்தப் பசை ஆகாது. அந்த வயதில் கெட்டியான உணவை விழுங்கத் தெரியாது. சிறுநீரகமும் பக்குவப்பட்டிருக்காது. சிகிச்சை மையங்களில் மெலிந்த குழந்தைகளுக்குத் தரும் எஃப்-100 என்ற பாலைக்கூட, இவ்வளவு சின்னக் குழந்தைக்கு நீர்க்கவைக்காமல் கொடுக்கக் கூடாது.

இதைவிட வருத்தமான விஷயம், இவர்கள் கணக்கிலேயே வராமல் இருந்ததுதான். பேரிடர் நேரத்து ஊட்டச்சத்துக் கணக்கெடுப்புகள் வழக்கமாக 6 மாதத்திலிருந்து 59 மாதம் வரையுள்ள குழந்தைகளைத்தான் அளக்கும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது என்ற நினைப்பு. 2011-ல் ஓர் ஆய்வுக் குழு பல நாடுகளின் புள்ளிவிவரங்களை எடுத்துப் போட்டுப் பார்த்தபோது, உலகம் முழுவதும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட 85 லட்சம் குழந்தைகள் மெலிந்துபோயிருக்கலாம் என்று தெரியவந்தது. 2013-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் இவர்களுக்கென்று ஒரு தனிப் பகுதி வந்தது. 2023-ல் வந்த புதிய வழிகாட்டி, தாயையும் குழந்தையையும் ஒரு ஜோடியாகப் பார்க்கச் சொல்கிறது. குழந்தைக்கு மட்டும் சீட்டு எழுதி அனுப்பாதே, அம்மாவையும் சேர்த்துப் பார் என்கிறது.

நம் பாட்டிமார் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. சொன்னார்கள்தான். பூண்டும் கருவாடும் போட்டுப் பிள்ளை பெற்றவளைக் கவனித்தார்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே கொட்டவும் சொன்னார்கள். இரண்டும் நடந்தது.

சிகிச்சை நடக்கும் விதத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். கடுமையாக மெலிந்து, காய்ச்சலோடும் சோர்வோடும் வரும் குழந்தையை உள்நோயாளியாகச் சேர்ப்பார்கள். தொற்றுக்கு ஆன்டிபயாடிக் உண்டு. உடம்பு சில்லிட்டுவிடாமல் அம்மாவின் வெற்று மார்போடு சேர்த்து அணைத்துவைப்பதும் உண்டு. பிறகு வருகிறது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய். மூக்கு வழியாக உணவு செலுத்த ஆஸ்பத்திரியில் பயன்படுத்துவார்களே, அதேதான்.

அதன் ஒரு முனை, பால் இருக்கும் கோப்பைக்குள். மறுமுனையை அம்மாவின் மார்பில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, காம்பும் குழாயின் நுனியும் சேர்ந்தே குழந்தையின் வாய்க்குள் போகும்படி வைக்கிறார்கள். குழந்தை மார்பைச் சப்பும்போது கோப்பையிலிருந்து பால் குழாய் வழியாக ஏறி வருகிறது. வயிறு நிறைகிறது. சப்பச் சப்ப அம்மாவுக்கும் பால் ஊறத் தொடங்குகிறது. முதலில் கோப்பையை மார்புக்குச் சற்றே கீழே பிடிப்பார்கள், துவண்டுபோன பிள்ளை சிரமமில்லாமல் இழுக்கட்டும் என்று. தெம்பு வர வர கோப்பை இறங்கும். ஓர் அடி கீழே வைத்தும் குழந்தை இழுத்துவிட்டால் நர்ஸுக்கு முகம் மலர்ந்துவிடும்.

சொல்வதற்குச் சுலபம். முதல் ஓரிரண்டு நாள் அம்மாவுக்கு அழுகையே வந்துவிடும். குழாய் நழுவும், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் ஏற்கெனவே இதில் தேறிவிட்ட இன்னொரு தாயைப் பக்கத்தில் உட்காரவைப்பது வழக்கம். டாக்டர் பத்துத் தடவை சொல்வதைவிட அந்தப் பெண் ஒரு தடவை செய்து காட்டுவதற்கு வலிமை அதிகம் அல்லவா?

குழந்தை ஒரு நாளைக்கு 20 கிராம் எடை ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். இருபதே கிராம்! நூறு நூறு கிராமாகக் காட்டும் தொங்கு தராசில் இது தெரியவே தெரியாது. 10 கிராமைக் காட்டும் தராசு வேண்டும். எடை சில நாள் தொடர்ந்து ஏறினால் கோப்பைப் பாலைப் பாதியாகக் குறைக்கிறார்கள். அப்போதும் ஏறினால் நிறுத்திவிடுகிறார்கள். வெறும் தாய்ப்பாலிலேயே குழந்தை எடை போடுகிறது என்று உறுதியான பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவது.

இவ்வளவு நாளும் அந்த அம்மாவுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர், சத்து மாத்திரை எல்லாம் உண்டு. பாலூட்டும் தாய்க்கு நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். கணவரை இழந்தவளாக இருக்கலாம், மூத்த பிள்ளையைத் தொலைத்தவளாக இருக்கலாம். அவளோடு உட்கார்ந்து பேச ஓர் ஆள் இருப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

அதிர்ச்சியில் பால் வற்றிவிட்டது என்பார்கள். பயத்திலும் துக்கத்திலும் பால் இறங்குவது சற்று நேரம் தடைப்படலாம். குழந்தை தொடர்ந்து சப்பினால் மீண்டும் வரும். அம்மா கொஞ்சம் மெலிந்திருந்தாலும் அவள் பால் குழந்தைக்குப் போதும். ரொம்பவும் வாடிவிட்டால்தான் அளவு குறையும். அப்போதும் முதல் வேலை அவள் தட்டை நிரப்புவதுதான்.

எல்லாக் குழந்தைக்கும் ஆஸ்பத்திரி தேவைப்படுவதும் இல்லை. மற்றபடி நன்றாக இருக்கும் குழந்தைகளை முகாமிலேயே வாராவாரம் பார்த்து, அம்மாவுக்குப் பாலூட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்துத் தேற்றும் வேலை எத்தியோப்பியாவின் கம்பேலாவில் தெற்கு சூடான் அகதிகளிடையே நடந்திருக்கிறது. பங்களாதேஷின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா முகாம்களிலும் நடந்திருக்கிறது.

அம்மா இறந்துவிட்டால்? அவளே கிடைக்காமல் போனால்? அங்கே பவுடர் தேவைதான். இன்னொரு தாய் பால் கொடுக்கலாம், பாலூட்டுவதை நிறுத்திவிட்ட பெண்ணுக்கு மறுபடி பால் சுரக்கவைக்கலாம். எதற்கும் வழியில்லை என்றால் பவுடர்தான், சந்தேகமே இல்லை. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு குழந்தைக் கூடாரங்கள் என்று தனியாகப் போட்டார்கள். மறைவாக உட்கார்ந்து பாலூட்ட இடம், ஆலோசனை சொல்ல ஆள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்-சேய் ஜோடிகள் அங்கே வந்துபோனார்கள். தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத குழந்தைகளுக்கு மட்டும், தண்ணீர் கலக்கத் தேவையில்லாத தயார்நிலைப் பாலைக் கொடுத்தார்கள். விசாரித்துப் பார்த்து, கணக்கு வைத்து, தொடர்ந்து கொடுத்தார்கள். லாரியிலிருந்து வீசி எறியவில்லை.

2009-ல் இலங்கையின் வன்னியில், போருக்கு நடுவே பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மாரும் பிள்ளைகளும் ஷெல் விழுந்து இறந்தார்கள். வேறு கதியில்லாமல் அந்த வரிசையில் நின்ற பெண்களிடம் போய்த் தாய்ப்பாலின் பெருமையை ஓதுகிற கூட்டத்தில் நான் இல்லை. நான் பேசுவது அனுப்புகிற நம்மிடம்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தியாவில் 1992 முதல் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. குழந்தைப் பால் பவுடரையும் பாட்டிலையும் ஆதரவற்றோர் இல்லங்களைத் தவிர வேறு யாருக்கும் இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்கிறது அது. டின் மேல் குழந்தை படமோ தாயின் படமோ போடக் கூடாது. அடுத்த முறை மெடிக்கல் ஷாப்பில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கம்பெனிகளுக்கு எதிராக வந்த சட்டம்தான். நம் நிவாரண லாரிக்கு மட்டும் விலக்கு ஒன்றும் எழுதிவைக்கவில்லை.

வெள்ளமே வராத வீட்டிலும் இந்தப் பேச்சுக்கு வேலை இருக்கிறது. பிரசவமாகி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. “பால் பத்தல போல, பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கு” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அன்று மாலையே டின் வந்துவிடும். குழந்தை நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்தோமா? அந்தப் பெண் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டோமா? குழந்தை உண்மையிலேயே துவண்டிருந்தால், பால் குடிக்க மறுத்தால், அப்போதும் டின்னை நாடாதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள். மார்பில் குடிக்க முடியாத குழந்தைக்குப் பீய்ச்சிய பாலைப் பாட்டிலுக்குப் பதில் பாலாடையில் கொடுக்கலாம். முகாம்களில் பாட்டில் வேண்டாம், கோப்பை போதும் என்று சொல்வதும் அது கழுவச் சுலபம் என்பதால்தான்.

அடுத்த மழைக்கு உங்கள் தெருவில் பட்டியல் போடும்போது பால் பவுடர் என்ற வரியை எடுத்துவிட்டு, பிள்ளை பெற்றவளுக்கு வேண்டியதை எழுதுங்கள். சுடச்சுடச் சாப்பாடு, வேர்க்கடலை உருண்டை, பேரீச்சம்பழம், வாழைப்பழம், குடிதண்ணீர் கேன், இரண்டு நைட்டி, ஒரு கெட்டியான போர்வை. முகாம் போட்டிருக்கும் மண்டபத்தின் மூலையில் ஒரு கயிறு கட்டிச் சேலையைத் திரையாகப் போட்டால் அவள் கூச்சமில்லாமல் உட்கார்ந்து பால் கொடுப்பாள். அதற்குக் காசே ஆகாது.

ஏற்கெனவே டின் வாங்கிவிட்டீர்களா? பிரிக்காமல் வையுங்கள், காலாவதி தேதியைப் பாருங்கள். கைக்குழந்தைகளை வளர்க்கும் ஆதரவற்றோர் இல்லம் உங்கள் ஊரில் இருந்தால் போன் போட்டு, எந்த வகைப் பால், எந்த வயதுக்கு, மாதம் எத்தனை டின் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போய்க் கொடுங்கள். ஒரு மாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்